ஒரு மணி முதல் ஒன்பது மணி வரை

அத்தியாயம் பதினான்கு

"அண்ணா, அஞ்சே நிமிஷம். சுவத்துல சாஞ்சிக்கிறேன்."

"சாயக் கூடாது. எந்திரி. இன்னொரு சுத்து நடந்துட்டு வரலாம்."

வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணி. கஜபதி தன் தம்பி நாகேந்திரனின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினான். இருபத்தாறு வயது உடம்பு, நனைந்த நூல் கட்டு போலக் கனத்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து கஜபதி தூங்கியதை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் ஒரு ராத்திரித் தூக்கம் தேறாது.

தெருக்கோடி வரை போனார்கள். திருத்தணி மலை வெயிலில் வெளுத்து நின்றது. எதிரே காவடி எடுத்துப் போன சித்தூர்க்காரக் கூட்டம் ஒன்று, கண் செருகி நடக்கிற நாகேந்திரனைப் பார்த்து, சாமி வந்தவன் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனது. கஜபதிக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாம் மெட்ராஸ் ஆஸ்பத்திரி டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மணிக் கணக்கு.

நாகேந்திரனுக்கு மனசு நோவு வந்து மூன்று வருஷம். சில மாதம் ஏறும். சில மாதம் இறங்கும். முதல் தடவை ஏறினபோது மூன்று ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லாமல் பேசித் திரிந்தான். நாலாம் நாள் விடியலில் சரவணப் பொய்கையில் இறங்கினான். தண்ணிக்கு அடியிலும் படி போகிறது, மலைக்கு நேர் வழி அதுதான் என்று சொல்லிக்கொண்டே தலை முழுகிப் போனவனை, மொட்டை போட வந்த நாலு பேர் முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள். அதிலிருந்து லித்தியம் மாத்திரை. வீட்டில் அதற்குப் பெயர் உப்பு மாத்திரை.

இப்போது நாலு மாதமாக இறக்கம். பேச்சில்லை. சோறு இறங்கவில்லை. தூக்கமும் இடம் மாறிப்போனது. விடியற்காலை நாலு மணிக்குக் கண்ணை மூடினால் உச்சி வேளைக்குத்தான் திறந்தான்.

"தூக்கத்தை முன்னாடி இழுத்துப் பார்த்தோம், வரல," என்றார் டாக்டரம்மா. "அதனால பின்னாடி தள்ளிக்கிட்டே போவோம். ஒரு நாளைக்கு மூணு மணி நேரம். நாலு மணிக்குப் படுக்கிறவன் நாளைக்கு ஏழு மணிக்குப் படுக்கட்டும். மறுநாள் பத்து. அப்புறம் பகல் ஒண்ணு. அப்படியே சுத்தி ஆறாம் நாள் ராத்திரி பத்து மணிக்கு வந்து நிப்பான்."

"ஷிப்டு மாத்துற மாதிரிங்களா?"

"அதேதான். வார்டுல வெச்சுத்தான் செய்யணும். இப்ப கட்டில் இல்ல. நீங்க தறி ஷிப்டு பார்க்கிற ஆள், மணி தவற மாட்டீங்கன்னு நம்பித் தர்றேன்."

அப்புறம்தான் அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கஜபதியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"எந்த நேரம் படுத்தாலும் எட்டு மணி நேரம் முழுசாத் தூங்கணும். ஒரு நாள் பூரா முழிப்பாவே போச்சுன்னா, இந்த வியாதிக்காரனுக்கு அது தீக்குச்சி. முகம் திடீர்னு தெளிஞ்சுதுன்னா சந்தோஷப்படாதீங்க. இந்தப் பொட்டலத்துல இருக்கிற மாத்திரையைக் கொடுத்து, அடுத்த வண்டிக்கே கூட்டிட்டு வாங்க."

ஆறு நாள் சம்பளமில்லாத லீவு சொல்லிவிட்டுக் கஜபதி காவலுக்கு உட்கார்ந்தான். புதன்கிழமை காலை ஏழிலிருந்து பகல் மூன்று. வியாழக்கிழமை பத்திலிருந்து சாயங்காலம் ஆறு. இரண்டும் பிசகில்லாமல் நடந்தன.

இன்று மூன்றாம் நாள். பகல் ஒரு மணியிலிருந்து ராத்திரி ஒன்பது மணி வரை.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா வள்ளியம்மாள் முற்றத்தில் காமாட்சி விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு எத்தினி மணிக்குடா எந்திரிப்பான்?"

"ஒம்போதுக்கு."

"அப்ப வெளக்கு வெக்கறப்ப படுத்துகினு இருப்பான்."

"ஆங்."

"ஆடி வெள்ளிடா."

"வியாதிக்கு ஆடி தெரியுமா, ஆவணி தெரியுமா?"

"ஏண்டா, ஒங்க டாக்டரம்மா வூட்ல வெளக்கே வெக்க மாட்டாங்களா?"

கஜபதியின் பெண்சாதி பாஞ்சாலி ஊடை நூலைத் தார்க்கட்டையில் சுற்றுகிற ராட்டையிலிருந்து தலையைத் தூக்கினாள். "அத்தை, இன்னிக்கு ஒரு நாளைக்கு அடுப்பங்கரையில வெச்சிடலாமே. தம்பி படுக்கற எடத்துக்கு வெளிச்சமும் வராது."

"பின்கதவாண்டயா? லட்சுமிய பொறவாசப் பக்கமா வரச் சொல்றியா? அந்த வழியா யாரு வருவான்னு தெரியுமில்ல ஒனக்கு?"

"ஏன், அவளுக்கும் ஒரு வெளக்கு வெச்சிட்டாப் போவுது."

"சிரிம்மா, சிரி. வெளக்கு வெக்கற நேரத்துல ஒருத்தன் படுத்துகினு இருந்தா அந்த வூடு வெளங்காது. ஒங்க மாமனாரு ஒரு வருஷம் வெளக்கு வெக்கறப்ப படுத்துகினேதான் இருந்தாரு. எந்திரிச்சாரா?"

அப்பா கடைசி வரை எழுந்திருக்கவில்லை என்பது கஜபதிக்கும் தெரியும். ஈரல் கெட்டுப்போன மனுஷனை எந்த விளக்கு எழுப்பும் என்று கேட்க நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டான்.

தம்பியை ராட்டை முன்னால் உட்கார வைத்தான். கை வேலையில் இருந்தால் கண் மூடாது. பாஞ்சாலி நூல் எடுத்துக் கொடுக்க, நாகேந்திரன் மர பொம்மை மாதிரி ராட்டையைச் சுற்றினான்.

பன்னிரண்டரை இருக்கும். ராட்டை நின்றது.

"அண்ணி, இந்தக் கட்டுல ரெண்டு சாயம் கீது."

"எங்க?"

"தோ. இது அரக்கு. இது அரக்கு மாதிரி."

பாஞ்சாலி நூலை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உண்மைதான். ஒரு இழை அளவுக்கு நிறம் மங்கல். தறியில் ஏறியிருந்தால் புடவையில் கோடு விழுந்திருக்கும்.

"இன்னாங்க, பாத்தீங்களா! நாலு மாசத்துல இதான் மொத வாட்டி தம்பி தானா ஒரு வார்த்த பேசறது."

கஜபதிக்கும் நெஞ்சு நிறைந்தது. நிறைந்த கையோடு உள்ளே என்னவோ நெருடியது. தெளிந்தால் சந்தோஷப்படாதீங்க என்றாரே டாக்டரம்மா. ஒரு கட்டு நூலில் சாயம் பார்ப்பதெல்லாம் தெளிவா? நெசவுக்காரன் பிள்ளை, செத்துக் கிடந்தாலும் சாயம் பார்ப்பான். நெருடலை அப்படியே ஓரமாகத் தள்ளி வைத்தான்.

சரியாக ஒரு மணிக்கு உள்ளறையில் பாய் விரித்தான். ஜன்னலுக்குச் சாக்கு அடித்து, அதன் மேல் கம்பளி தொங்கவிட்டிருந்தது. கையை நீட்டினால் கை தெரியாத இருட்டு.

"தூங்கிடுவியா?"

"ஆங், அண்ணா."

கஜபதி கதவை ஒருக்களித்துவிட்டு வாசற்படி ஓரம் உட்கார்ந்தான். கொட்டாவியாக வந்தது. மூன்று மணிக்கு எட்டிப் பார்த்தான். தம்பி நேராக, மல்லாந்து, கண்ணை மூடிப் படுத்திருந்தான். போர்வைக்கு வெளியே கால் கட்டை விரல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஒரே சீராக, தறி அடிக்கிற கதியில். கனவில் தறி ஓட்டுகிறான் என்று நினைத்து, கஜபதி சத்தம் போடாமல் கதவைச் சாத்தினான்.

நாலே முக்காலுக்கு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. கஜபதி வேலை பார்க்கிற விசைத்தறி ஷெட்டு மேஸ்திரி கோதண்டம்.

"கஜா, ஒன் தறி பாவு ஒரு பக்கமா அறுந்துபோச்சுபா. நூறு எழைக்கு மேல. காலைல சரக்கு போயாவணும். வா."

"மெல்லப் பேசுண்ணா. தம்பி தூங்கறான். நான் லீவுன்னு சொன்னேனே."

"லீவு ஒனக்குத்தான். தறிக்கு இல்ல. ஒரு மணி நேரம் வந்து எழ புடிச்சிக் குடுத்துட்டுப் போ."

"வேற ஆளு யாராச்சும்..."

"வேற ஆளக் கொணாந்தா அப்புறம் தறியும் வேற ஆளுக்குத்தான் போவும். பாத்துக்க." கோதண்டம் சாத்தியிருந்த கதவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "தூங்கறவனை இன்னாய்யா காவல் காத்துகினு கீற? அவன் எங்க ஓடிடப் போறான்?"

கஜபதி எழுந்தான். பாஞ்சாலியைக் கூப்பிட்டுக் கதவு ஓரம் உட்கார வைத்தான்.

"நான் வர்ற வரைக்கும் இந்த எடத்த வுட்டு எந்திரிக்காத."

பிறகு அம்மாவிடம் வந்தான். "அம்மா, அவனை எழுப்ப மாட்டியே?"

"நான் ஏண்டா எழுப்பப் போறேன்?"

"மலையப் பாத்துச் சொல்லு."

வள்ளியம்மாள் மகனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்து, மலையைப் பார்த்து, "எழுப்ப மாட்டேன்," என்றாள்.

அந்த நம்பிக்கையில்தான் அவன் போனான்.

ஷெட்டில் அறுந்த இழைகளை முடிச்சுப் போட உட்கார்ந்தவனுக்கு நூல் இரண்டிரண்டாகத் தெரிந்தது. மற்ற தறிகள் காதைப் பிளந்தன. எத்தனையோ வருஷம் அந்தச் சத்தத்தில் தூங்கப் பழகிய உடம்பு, இப்போதும் அதைக் கேட்டதும் கண்ணை இறக்கியது. இரண்டு முறை நெற்றி போய்ப் பாவில் முட்டியது. முடித்துவிட்டு வெளியே வந்தபோது மேற்கே வெளிச்சம் செத்துக்கொண்டிருந்தது. ஆறரை.

தெரு முனையிலேயே அவனுக்குக் கேட்டது. சிரிப்பு.

நாலு மாதமாகக் கேட்காத சிரிப்பு. தம்பியுடைய சிரிப்பு.

ஓடினான்.

வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது. நடுக்கூடத்தில் நாகேந்திரன் தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, வெள்ளை வேட்டியில் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் தின்றுகொண்டிருந்தான். எதிரே வள்ளியம்மாள். அவள் கன்னம் ஈரமாக இருந்தது. வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"வாண்ணா! ஒக்காரு. அம்மா, அண்ணனுக்கும் வெய்யி. பாவம், கண்ணு உள்ள போயிடுச்சி பாரு."

பாஞ்சாலி இடுப்பில் குடத்தோடு பின்கட்டிலிருந்து வந்தாள். புருஷனைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். "கொழாயில தண்ணி வந்திடுச்சிங்க. ரெண்டே கொடந்தான். அதுக்குள்ள..."

"அம்மா!" கஜபதியின் குரல் கிழிந்தது. "மலையப் பாத்துச் சொன்னியே!"

"நான் எழுப்பலடா." வள்ளியம்மாள் நிமிர்ந்தாள். "வெளக்கு ஏத்திட்டு, நெத்தியில துண்ணூறு வெச்சிட்டு வரலாம்னு உள்ள போனேன். புள்ள கண்ணத் தொறந்துகினு கூரையப் பாத்துகினு கெடந்தான். முழிச்சிகினுதானே கீற, எந்திரிச்சி ஒக்காரு நைனான்னேன். அர வார்த்தைதான். துள்ளி எந்திரிச்சான்."

கஜபதி தம்பிக்கு முன்னால் குந்தினான்.

"எப்ப முழிப்பு வந்துச்சி ஒனக்கு?"

"முழிப்பா? தூங்கினாத்தானே முழிப்பு வர்றதுக்கு."

"இன்னாடா சொல்ற?"

"தூங்கவே இல்லண்ணா. நீ கதவாண்ட ஒக்காந்துகினு கொட்டாவி வுட்டுகினு இருந்தே. தூக்கம் வரலன்னு சொன்னா மறுபடியும் என்ன நடக்க வெப்பே. நீயும் நடக்கணும். பாவமா இருந்துச்சி. அதான் கண்ண மூடிகினு இருந்தேன்."

அப்படியானால் முழிப்பு ஒரு மணியிலிருந்து இல்லை. நேற்றுச் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து. கஜபதி விரல் விட்டு எண்ணினான். ஒரு முழு நாள். அதற்கு மேலும் அரை மணி.

"உள்ள நல்லா இருட்டா இருந்துச்சா," நாகேந்திரன் பொங்கலைப் பிசைந்துகொண்டே பேசினான். வார்த்தை ஒன்றின் குதிகாலை ஒன்று மிதித்துக்கொண்டு வந்தது. "அதுலதாண்ணா எல்லாம் தெளிவாத் தெரிஞ்சுது. ஒனக்கு எதுக்கு ஒரு தறி? ஷெட்டுல பன்னெண்டு தறி கீது. பன்னெண்டையும் நான் ஒருத்தனே ஓட்டறேன். நீ வூட்ல படுத்துக்க. கோதண்டத்தை நான் பாத்துக்கறேன். கோதண்டம் நல்லவன்தான். எல்லாரும் நல்லவங்கதான். அண்ணி, இன்னும் கொஞ்சம் நெய்யி ஊத்து."

கண்கள் இரண்டும் புதுசாகப் பூசியதுபோலப் பளபளத்தன. அந்தப் பளபளப்பைக் கஜபதி இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறான்.

எழுந்து போய் மாடத்திலிருந்து பொட்டலத்தை எடுத்தான். "சட்ட போட்டுக்க. மெட்ராஸ் போறோம். ஏழு மணி வண்டி கீது."

"எதுக்குடா?" வள்ளியம்மாள் குறுக்கே வந்து நின்றாள். "நாலு மாசம் கழிச்சி இன்னிக்குத்தான் புள்ள வாய் தொறந்து சோறு கேக்கறான். வெளக்கு ஏத்தின கையோட எந்திரிச்சி ஒக்காந்துட்டான். கண்ணால பாத்தும் நம்ப மாட்டியா? அவன மறுபடியும் பாயில போட்றதுக்கா அந்த மாத்திர?"

"அம்மா, இது நல்லதில்ல. டாக்டரு சொன்னாங்க..."

"சொன்னா, சொன்னா! மூணு நாளா புள்ளைய ராவும் பகலும் நாயி மாதிரி தெருத் தெருவா இஸ்துகினு போனியே, அதுல ஆவாதது ஒரு வெளக்குல ஆயிடுச்சேன்னு ஒனக்குப் பொறுக்கல."

"அத்தை!" என்றாள் பாஞ்சாலி.

"நீ சும்மா இரு. ரெண்டு கொடம் தண்ணிக்குப் போனவதானே நீயும்."

பாஞ்சாலி குடத்தை இறக்கி வைத்தாள். நாகேந்திரன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, கூத்து பார்க்கிறவன் போலச் சிரித்தான். வழக்கு வளர்ந்துகொண்டே போனது. பேச்சில் லட்சுமி வந்தாள், அப்பா வந்தார், டாக்டரம்மாவின் சாதி சனம் எல்லாம் வந்தது. நடுவில் ரயில் ஊதுகிற சத்தம் கேட்டது. எல்லாரும் அதைக் கேட்டார்கள். ஏழு மணி வண்டி திருத்தணியை விட்டுப் போய்விட்டது. அடுத்தது விடியற்காலை நாலரைக்குத்தான். பஸ்ஸைப் பற்றியும் கஜபதி யோசித்தான். இந்தக் கண்ணோடு இருக்கிறவனை ஆடிக் கூட்டத்தில் நசுக்கி ஏற்றி, அவன் இருட்டில் நடுவழியில் இறங்கி ஓடிவிட்டால் எந்த ஏரியில் தேடுவது?

"அம்மா," என்றான் கஜபதி. இந்தத் தடவை சத்தமே போடவில்லை. "பொய்கையில எறங்கின அன்னிக்கும் அவன் சிரிச்சிகினுதான் எறங்கினான்."

வள்ளியம்மாள் சின்ன மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்திலிருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதைக் கஜபதி கண்ணால் கண்டான்.

அவளே போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். "முழுங்கு கண்ணு."

மறுப்பே சொல்லாமல் விழுங்கினான் நாகேந்திரன். நாக்கை நீட்டிக் காட்டினான். "போயிடுச்சி. போதுமா?"

எட்டு மணிக்குள் முன்கதவு பின்கதவு இரண்டையும் பூட்டினார்கள். சாவியைப் பாஞ்சாலி தன் இடுப்பில் முடிந்துகொண்டாள். வள்ளியம்மாள் கூடத்தில் விளக்கு முன்னால் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அதை அணைக்கவும் அவளுக்கு மனசில்லை. எரிய விடவும் பயமாக இருந்தது. கடைசியில் உள்ளறை வாசலில் ஒரு புடவையைக் கட்டி வெளிச்சத்தை மறைத்தாள்.

உள்ளறையில் இரண்டு பாய். கஜபதி ஒரு துணிக்கரையை நீளமாகக் கிழித்து, தம்பியின் இடது மணிக்கட்டையும் தன் வலது மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டினான். இழைக்கு இழை போடுகிற முடிச்சு. இழுத்தால் இறுகும்.

நாகேந்திரன் முடிச்சைத் தடவிப் பார்த்தான். "இத நான் ஒத்த வெரல்ல அவுப்பேன்."

"தெரியும். அவுத்தா எனக்குத் தெரியணும், அதுக்குத்தான்."

"வண்டி எத்தினி மணிக்கு?"

"நாலரைக்கு."

"எட்டரை மணி நேரம் கீது."

"மாத்திர இன்னும் இழுக்கலயா?"

"இழுக்குதுண்ணா. என்ன இல்ல, ஒன்ன."

சொல்லிவிட்டு மெல்லச் சிரித்தான். பேசினால் தம்பிக்கு முழிப்பு வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பேசாமல் இருந்தால் கஜபதிக்குத் தூக்கம் வரும் என்பதை அவர் சொல்லவில்லை.

உதட்டை உள்ளே கடித்துக்கொண்டான். தொடையைக் கிள்ளினான். மனசுக்குள் மலை உச்சி வரைக்கும் படி எண்ணினான். ஐம்பதாவது படியில் கால் வழுக்கி, திடுக்கென்று கண்ணைத் திறந்தான். புடவை வழியாகக் கசிந்த விளக்கு வெளிச்சத்தில், பக்கத்தில் தம்பியின் கண் இரண்டும் திறந்திருந்தன. மறுபடி எண்ணினான். மறுபடி வழுக்கியது. திறந்தான். அந்தக் கண்கள் இன்னும் கிட்டே வந்திருந்தன.

கூடத்தில் பாஞ்சாலியின் மூச்சு சீராகிவிட்டது. அம்மாவின் முணுமுணுப்பும் நின்றுவிட்டது.

"தூங்குண்ணா," என்றான் நாகேந்திரன். குரலில் அவ்வளவு பிரியம். "மூணு நாளா எனக்காக முழிச்சிகினு இருந்தே. நான் இருக்கேன் முழிச்சிகினு. நீ தூங்கு."

மூன்று நாளில் அவனிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கஜபதியின் உடம்பு முழுவதும் அந்தச் சொல்லுக்கு இளகியது. கண் தானாக மூடிக்கொண்டது.

மணிக்கட்டில் கட்டு தளர்ந்த மாதிரி இருந்தது. தளர்ந்ததா, அப்படித் தோன்றியதா என்று பார்க்க, அவன் கண்ணைத் திறக்க வேண்டியிருந்தது.